45 டிகிரி கிளைக் குழாய்க்கு எஸ்.ஐ.எஃப். எடுப்பது எப்படி? எண்ணெய் ஆலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் ஏதாவது செம்பனை எண்ணெய் ஆலையில் அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மேலாளர் ஒரு ஐசோமெட்ரிக் வரைபடத்தை (குழாய் ஓடும் வழியை முப்பரிமாணமாகக் காட்டும் படம்) கொடுத்து, “தம்பி, இந்த லேட்டரலுக்கு ஸ்ட்ரெஸ் பார்த்துக் கொடுப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாய் வடிவமைப்பு விதிநூலை, அதாவது கோடை (code), புரட்டினால் டீ (மூன்றுவழி இணைப்பு) இருக்கிறது, எல்போ (வளைவு) இருக்கிறது, ரெடியூசர் (விட்டம் மாற்றும் இணைப்பு) இருக்கிறது. சாய்ந்து வந்து சேரும் கிளையை, அதாவது லேட்டரலை, மட்டும் காணோம். இந்த இடத்தில் நானும் நன்றாகவே திண்டாடினேன். கேட்ட மூத்தவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்து வருபவர் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எஸ்.ஐ.எஃப். என்பது தகைவு (ஸ்ட்ரெஸ்) மிகுப்புக் காரணி. ஒரு மொமென்ட் (குழாயை வளைக்கும் அல்லது முறுக்கும் திருப்பம்) பட் வெல்டு அடித்த நேர்க்குழாயில் உண்டாக்கும் களைப்புத் தகைவைப்போல் எத்தனை மடங்கு அதே மொமென்ட்டால் இந்த இணைப்புக்கு வருகிறது என்று சொல்லும் எண் அது. களைப்பு என்பது மீண்டும் மீண்டும் வளைவதால் உலோகம் விரிசல் விடுவது. இரண்டு குழாயைத் தலைக்குத் தலை வைத்து அடித்த பட் வெல்டை 1 என்று வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அளக்கப்படுகிறது. வெறும் குழாயோடு ஒப்பிடுவதில்லை, வெல்டு அடித்த குழாயோடுதான் ஒப்பிடுகிறோம். இது நினைவில் இருக்கட்டும், 6ஆம் படியில் தேவைப்படும்.

1. சாய்வு எதற்கு என்று முதலில் கேளுங்கள்

கணக்குக்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். ஆலையில் சாய்ந்த கிளை அதிகம் கண்ணில் படுவது ஸ்டெரிலைசரின் (பழக்குலையை நீராவியில் வேகவைக்கும் கலன்) எக்ஸாஸ்ட் பக்கம். மூன்று நான்கு ஸ்டெரிலைசர்களின் பிளோ-ஆஃப் குழாய்கள் (நீராவியை வெளியேற்றுபவை) ஒரே ஹெடரில், அதாவது முதன்மைக் குழாயில், சேரும். ஒன்று திறக்கும்போது நீராவி அடுத்ததற்குள் எதிர்த்து ஏறாமல் சைலென்சர் திசையிலேயே போக வேண்டும் என்று 45 டிகிரியில் சேர்த்திருப்பார்கள். அங்கே சாய்வுக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் பல இடங்களில், ஒரு தூணோ பிளாட்ஃபாரமோ குறுக்கே வந்ததால், வெல்டர் அன்றைக்குக் கைக்கு வந்தபடி சாய்த்து அடித்துவிட்டுப் போயிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண 90 டிகிரி டீ போட்டு, அதன் கிளையில் ஓர் எல்போ வைத்துத் திருப்பிவிடுங்கள். டீக்கும் எல்போவுக்கும் எண்கள் அச்சாகி இருக்கின்றன. சாமானும் கிள்ளான், ஷா ஆலம் கடைகளில் ஸ்டாக்கில் கிடைக்கும். சாய்ந்த ஃபோர்ஜிங் ஃபிட்டிங் அளவுக்கேற்ற ஆர்டர். அதற்குக் காத்திருக்கும் காலத்தில் டீ போட்டு, வெல்டு சோதித்து, இன்சுலேஷனும் சுற்றி முடித்துவிடலாம்.

கோணம் 45க்குக் கீழே இருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். 4ஆம் படியில் வரும் பரப்பளவுச் சூத்திரம் 45க்குக் கீழே செல்லாது. போதாக்குறைக்கு, அந்த ஒடுக்கமான கவட்டுக்குள் எலெக்ட்ரோடை நுழைத்து அடிவரை உருக்கி அடிக்க வெல்டருக்கு இடமே இருக்காது.

2. எந்தக் கோடு, எந்தப் பதிப்பு

இதைத் தீர்மானிக்காமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள். கொதிகலனை ஒட்டிய நீராவிக் குழாய்க்கு ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிடும் பி31.1, ஆலைக்குள் ஓடும் குழாய்க்கு பி31.3 என்று பிரித்திருப்பார்கள். சில பழைய தோட்ட ஆலைகளில் பிரிட்டிஷ் தரத்தில் போட்ட குழாயும் உண்டு. வடிவமைப்பு ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

பி31.3இல் எஸ்.ஐ.எஃப். அட்டவணை முன்பு பின்னிணைப்பு டி-யில் இருந்தது. 2020 பதிப்பில் அதை எடுத்துவிட்டு பி31ஜே என்ற தனி ஆவணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, பி31.3 மட்டும் வாங்கினால் போதாது, பி31ஜேக்குத் தனியாகக் காசு, அதுவும் டாலரில். வாங்குவதற்கு முன் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் உரிமம் இருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பல கம்பெனிகளில் ஒரு பிரதி வாங்கி, ஆலைகளுக்குச் சொல்லாமலே வைத்திருப்பார்கள்.

மூன்றாவதாக ஒன்று வேண்டும்: வெல்டிங் ஆய்வுக் கழகத்தின் (டபிள்யூ.ஆர்.சி.) 360ஆம் வெளியீடு. ரோடாபா எழுதிய இந்த வெளியீடு லேட்டரல்களின் அழுத்த வடிவமைப்பையும் எஸ்.ஐ.எஃப்.ஐயும் பற்றியே பேசுகிறது. கோட்டில் கிடைக்காததைத் தேடி அலைபவர்கள் முதலில் திறக்கவேண்டியது இதைத்தான், ஆனால் பலர் பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

பழைய பதிப்பின் சூத்திரத்தையும் புதிய பதிப்பின் சூத்திரத்தையும் ஒரே அறிக்கையில் கலக்காதீர்கள். இரண்டிலும் எண் வேறு, எதால் வகுப்பது என்பதும் வேறு. சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

3. தாள்களையும் அளவுகளையும் சேர்ப்பது

நாள் அதிகம் விழுங்குவது இந்தப் படி. கீழே உள்ளவை கையில் இல்லாமல் ஆலோசகருக்கு ஃபோன் போடாதீர்கள். போட்டால் அவர் கேட்பதும் இதையேதான், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

ஐசோமெட்ரிக் வரைபடம். இருக்கிற வரைபடமும் நிற்கிற குழாயும் ஒன்றுதானா என்று டேப் பிடித்துப் பாருங்கள். தோட்ட ஆலைகளில் வரைபடம் ஒரு கதை சொல்லும், குழாய் இன்னொரு கதை சொல்லும். சப்போர்ட் எங்கே, அது வழுக்குகிறதா பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் குறியுங்கள். துருப்பிடித்து இறுகிப்போன ஸ்லைடிங் சப்போர்ட்டை ஆங்கர் (குழாயை அசையவிடாத பிடி) என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் தரச் சான்றிதழ். ஏ106 கிரேட் பி (ஒரு கார்பன் எஃகுக் குழாய்த் தரம்) என்று எல்லோரும் சொல்வார்கள், தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவர்த் தடிப்பு. ஹெடர், கிளை, பேட் (கிளையைச் சுற்றி ஹெடர்மேல் வலுவுக்கு அடிக்கும் வளையத் தகடு) மூன்றுக்கும் வேண்டும். அல்ட்ராசோனிக் மீட்டரால் கவட்டுப் பக்கம், முதுகுப் பக்கம், இரண்டு விலா என்று நான்கு இடத்தில் எடுங்கள். கிளை ஹெடரோடு குறுங்கோணத்தில் சேரும் உள்மூலையைக் கவடு என்கிறேன், அதன் எதிர்ப்பக்கம் முதுகு. எக்ஸாஸ்ட் குழாயில் ஈர நீராவி எண்ணெய்ப் பிசுக்கோடும் மண்ணோடும் பாய்வதால் தேய்மானம் ஒரே சீராக இருப்பதில்லை.

கோணம். வரைபடத்தில் 45 என்று போட்டிருப்பதை நம்பாமல் அளந்து பாருங்கள்.

வெல்டின் படம். கவட்டு வெல்டு ஒழுங்காக நிரம்பியிருக்கிறதா, விளிம்பு கிரைண்ட் செய்து மழுக்கியிருக்கிறதா, பேட் சுற்றி முழுவதும் அடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். பேட்டில் காற்றுத்துளை கட்டாயம். அது விலாப் பக்கத்தில் இருக்க வேண்டும், கவட்டில் கூடாது என்று பி31.3 சொல்கிறது. கவட்டில் துளை போட்ட பேட் கண்ணில் பட்டால் அதைத் தனியாகப் படம் எடுத்து அறிக்கையில் சேருங்கள்.

புதிதாகப் போடும் குழாய் என்றால் வெப்ப விரிவுக் கணக்குக்குப் பெயரளவுத் தடிப்பையே போட வேண்டும். குழாய் உற்பத்தியில் அனுமதிக்கும் தடிப்புக் குறைவான 12.5 விழுக்காட்டையும் துரு ஒதுக்கீட்டையும் கழிப்பது அழுத்தக் கணக்குக்குத்தான். இரண்டிலும் ஒரே தடிப்பைப் போடுவது புதியவர்கள் எல்லோருக்கும் வருகிற வழுக்கல். தேய்ந்த பழைய குழாய்க்கு மீட்டர் காட்டிய தடிப்பையே போடுவேன். அது என் முடிவு, மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

4. அழுத்தக் கணக்கு: சீக்கிரம் முடியும், ஏமாற்றவும் செய்யும்

ஹெடரில் துளை போட்டதால் போன இரும்பை ஈடுகட்ட வேண்டும். கிளை சாயும்போது துளை நீள்வட்டமாகிறது. பி31.3 சூத்திரத்தில் கிளையின் உள்விட்டத்தைக் கோணத்தின் சைனால் வகுத்து, பிறகு (2 – சைன்) என்பதால் பெருக்கச் சொல்கிறது. 45 டிகிரிக்கு இது 1.414 × 1.293. அதாவது, அதே கிளை நேராக நின்றால் தேவைப்படும் இரும்பைவிடச் சுமார் 1.83 மடங்கு.

பயமாகத் தெரியும். ஆனால் ஸ்டெரிலைசர் நீராவி சுமார் 3 பார்தான். 8 அங்குல ஷெட்யூல் 40 (குழாய்த் தடிப்பு வகை) ஹெடரின் தடிப்பு 8.18 மி.மீ. அழுத்தத்துக்கு மட்டும் வேண்டியது கால் மி.மீ. அளவுதான். மீதி எல்லாம் உபரி. ஆகவே இந்தக் கணக்கு “பேட் வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அதை நம்பி பேட் இல்லாமல் அடிக்க உத்தரவு கொடுத்துவிட்டால், விரிவுக் கணக்கு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். குறைந்த அழுத்தக் குழாய்களில் பேட் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்ப விரிவுதான்.

5. 90 டிகிரி எண்ணை அடித்தளமாக எடுத்து வைப்பது

கிளை நேராக நின்றிருந்தால் என்ன எண் என்று முதலில் தெரிய வேண்டும். இது விடை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோல். பழைய பின்னிணைப்பின் வழி கையாலேயே போடலாம்:

எச் = ஹெடரின் சுவர்த் தடிப்பு ÷ ஹெடரின் சராசரி ஆரம்
ஹெடரும் கிளையும் கிடக்கும் தளத்துக்கு வெளியே வளையும்போது எஸ்.ஐ.எஃப். = 0.9 ÷ (எச்-இன் 2/3 அடுக்கு)
தளத்துக்குள் வளையும்போது = அந்த எண்ணில் முக்கால் பங்கு + 0.25

8 அங்குல ஷெட்யூல் 40க்கு வெளிவிட்டம் 219.1, தடிப்பு 8.18, சராசரி ஆரம் 105.5 மி.மீ. எச் 0.0776. பேட் இல்லாத கிளைக்கு வெளித்தள எண் 4.95, உள்தள எண் 3.96.

ஹெடர் தடிப்பிலேயே பேட் போட்டால் எச்-ஐ 1.5இன் 2.5 அடுக்கால், அதாவது 2.76ஆல் பெருக்கலாம். அப்போது வெளித்தள எண் 2.52க்கு இறங்குகிறது. ஒரு வளையத் தகடு எண்ணைப் பாதியாக்கிவிட்டது. ஆலை மேலாளரிடம் பேட்டுக்குக் காசு கேட்கும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், வேறு பேச்சு தேவைப்படாது.

பி31ஜேயில் சூத்திரங்கள் இதைவிட நீளம். கிளைக்கும் ஹெடருக்கும் உள்ள விட்ட விகிதம், தடிப்பு விகிதம் எல்லாம் உள்ளே வரும். ஹெடர் காலுக்கும் கிளைக் காலுக்கும் தனித்தனி எண்கள், முறுக்குக்கும் தனி எண். உங்கள் கோடு புதிய பதிப்பு என்றால் அதில் போட்டதையே கோலாக வையுங்கள்.

6. சாய்வுக்கான எண்ணை எடுப்பது

இதுதான் கட்டுரையின் நடுப்பாகம். இதற்கு நேரம் கொடுத்துப் படியுங்கள்.

சாய்ந்த கிளையில் என்ன நடக்கிறது? லாஸ்டிக் (உண்டிவில்) செய்ய வெட்டிய கவட்டைக் கொம்பை இரு கையாலும் விரித்துப் பாருங்கள், எங்கே பிளக்கும்? கிளையை ஹெடரிலிருந்து விலக்கும் மொமென்ட் வரும்போது கவட்டு மூலை அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. முதுகுப் பக்கத்து மூலை விரிகோணம், அங்கே தகைவு அவ்வளவு குவியாது. இதனால் ஒரு விளைவு உண்டு. நேர் டீயில் ஹெடரின் இரண்டு காலும் ஒன்றுபோல், ஒரு எண் இரண்டுக்கும் பொருந்தும். லேட்டரலில் கவட்டுப் பக்கக் கால் வேறு, முதுகுப் பக்கக் கால் வேறு. மூன்று முனை, ஒவ்வொன்றுக்கும் மூன்று மொமென்ட், மொத்தம் ஒன்பது எண்கள். யாராவது “லேட்டரலுக்கு எஸ்.ஐ.எஃப். இவ்வளவு” என்று ஒரே எண் தந்தால், ஒன்பதில் எது பெரியதோ அதையா தந்தீர்கள் என்று கேளுங்கள்.

90 டிகிரி எண்ணை சைன் 45ஆல் வகுத்துவிட்டால் போதும் என்று ஒரு பழக்கம் சுற்றிவருகிறது. பரப்பளவுக் கணக்கில் சைன் வருவதால் இங்கேயும் வரும் என்ற ஊகம் அது. எஸ்.ஐ.எஃப்.க்கு அப்படி ஒரு விதி கோட்டில் கிடையாது. செய்யாதீர்கள்.

எண் கிடைக்கும் வழிகள் நான்கு. மலிவில் தொடங்கிச் சொல்கிறேன்.

முதல் வழி, டபிள்யூ.ஆர்.சி. 360. உங்கள் விட்ட விகிதமும் தடிப்பு விகிதமும் அந்த வெளியீடு பேசும் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் வேலை முடிந்தது, பக்க எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். எல்லைக்கு வெளியே இருந்தால் எண்ணை நீட்டி ஊகிக்காமல் அடுத்த வழிக்குப் போங்கள்.

இரண்டாவது, ஃபிட்டிங் செய்தவரின் தரவு. லாட்ரோலெட் போன்ற 45 டிகிரி ஃபோர்ஜிங் வாங்கினால் எஸ்.ஐ.எஃப். கேட்டு எழுதுங்கள். எனக்கு ஒரு சப்ளையர் ஒரே வரியில் ஓர் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எந்தச் சோதனை, எந்த அளவு, எந்த மொமென்ட் என்று கேட்டதும் ஆள் மௌனம். அப்படி வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சோதனை அறிக்கையோ எஃப்.இ.ஏ. (வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தகைவு பார்ப்பது) அறிக்கையோ கூட வரவேண்டும், அதில் உள்ள தடிப்பு நீங்கள் வாங்கும் தடிப்பாக இருக்கவேண்டும். விலைப்பட்டியல் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். சாமான் வந்திறங்கிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

மூன்றாவது, எஃப்.இ.ஏ. பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இதுதான். கணினி ஓடும் நேரம் கொஞ்சம், மாடல் கட்டவும் சரிபார்க்கவும்தான் நாள் போகும். ஆலோசகர்கள் பொதுவாக ஒரு வடிவத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள். உங்கள் ஆலையில் ஆறு லேட்டரல் இருந்தால் விட்டமும் தடிப்பும் ஒத்தவற்றைச் சேர்த்து இரண்டு மூன்று வடிவமாகச் சுருக்கிக் கொடுங்கள், செலவு பாதிக்கு இறங்கும். லேட்டரல் வடிவத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும் நாஸில்புரோ போன்ற நிரல் வைத்திருப்பவரிடம் போனால் இன்னும் விரைவு.

அறிக்கை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: 2ஆல் வகுத்தீர்களா? கோட்டின் எஸ்.ஐ.எஃப். பட் வெல்டை 1 என்று வைத்தது. எஃப்.இ.ஏ.யில் கிடைக்கும் தகைவு விகிதம் வழவழப்பான நேர்க்குழாயை 1 என்று வைத்தது. இரண்டுக்கும் இடையில் உள்ள பாலம் இது: எஸ்.ஐ.எஃப். = (தகைவு விகிதம் × வெல்டு விளிம்புக் காரணி) ÷ 2. வெல்டு விளிம்புக் காரணி என்பது வெல்டு விளிம்பில் களைப்பு வலிமை குறைவதைச் சொல்லும் எண். பெயரளவு 40 மெகாபாஸ்கல் இருக்கும் இடத்தில் மாடல் 320 காட்டினால் விகிதம் 8. அதை அப்படியே எஸ்.ஐ.எஃப். 8 என்று எழுதிவிடுவார்கள். வெல்டு விளிம்புக் காரணி 1.2 என்று எடுத்திருந்தால் சரியான எண் 4.8. எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: 2ஆல் வகுத்துவிட்டு விளிம்புக் காரணியை மறந்துவிடுவது. அது குறைவான எண்ணைத் தரும், முன்னதைவிட ஆபத்தானது.

இரண்டு: தகைவை எங்கே எடுத்தீர்கள்? கூர்மூலையில் வலைக்கண்ணைச் சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறிக்கொண்டே போகும், அதற்கு முடிவே கிடையாது. படத்தில் சிவப்பாகத் தெரியும் உச்சத்தை எடுக்கக்கூடாது. சுவரின் தடிப்புக்குக் குறுக்கே சவ்வுத் தகைவும் வளைவுத் தகைவும் சேர்ந்த பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். வலையைப் பாதியாக்கி ஓட்டினால் எண் எவ்வளவு மாறியது என்று ஒரு வரி கேளுங்கள்.

மூன்று: இதே மாடலை 90 டிகிரியில் நிறுத்தி ஓட்டினீர்களா? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அதே விட்டம், அதே தடிப்பு, அதே வலை, கோணம் மட்டும் 90. அந்த விடை உங்கள் 5ஆம் படிக் கோலுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வந்தால் 45க்கு வந்த எண்ணையும் நம்பலாம். எங்கோ போய் நின்றால் மாடலில்தான் கோளாறு, சாய்வில் அல்ல. இதற்குக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுங்கள்.

நான்காவது வழி சோதனை. மாதிரியை ஒரு முனையில் இறுக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பி, கிளையை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருப்பார்கள், தண்ணீர் கசியும் வரை. பி31ஜே சூத்திரப்படி கார்பன் எஃகுக்கு எஸ்.ஐ.எஃப். = 1690 ÷ (பெயரளவுத் தகைவு மெகாபாஸ்கலில் × சுற்று எண்ணிக்கையின் 0.2 அடுக்கு). 60 மெகாபாஸ்கலில் 10,000 சுற்றில் கசிந்தால் எண் 4.46. இங்கே தகைவு என்பது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு உள்ள வீச்சு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ள முழு வீச்சைப் போட்டால் எண் பாதியாகிவிடும். நான்கு மாதிரிகளாவது சோதிக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் கிடைத்த எண்ணை 1.2ஆல் பெருக்க வேண்டும், இரண்டுக்கு 1.1, மூன்றுக்கு 1.05. மேலே சொன்ன 4.46 ஒரே மாதிரி என்றால் 5.4 ஆகிவிடும். இதெல்லாம் ஃபிட்டிங் செய்து விற்பவர்களின் வேலை. ஓர் ஆலை தனக்காக இதைச் செய்வது காசை ஆற்றில் போடுவது.

7. மொமென்ட், வகுக்கும் எண், நிரல்

குழாய்த் தகைவு நிரல் சீசர் II-வோ ஆட்டோபைப்போ எதுவானாலும் கிளையை 45 டிகிரியில் வரைந்துவிட்டதால் நிரல் எஸ்.ஐ.எஃப்.ஐ மாற்றிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். சோதிப்பது எளிது. ஒரே இணைப்பை 90இலும் 45இலும் வரைந்து, இரண்டிலும் நிரல் காட்டும் எஸ்.ஐ.எஃப்.ஐப் பாருங்கள். எண் அசையாமல் இருந்தால் கோணத்தை அது பார்க்கவே இல்லை. நீங்கள்தான் பயனர் எண்ணாக உள்ளே போட வேண்டும்.

போடும்போது, மொமென்ட்டை எதால் வகுத்துத் தகைவு எடுக்கிறது என்று பாருங்கள். 6 அங்குல ஷெட்யூல் 40 கிளைக்கு அந்த வகுக்கும் எண், அதாவது பிரிவுக் குணகம், சுமார் 139 கன செ.மீ. பழைய பி31.3 வழியில் கிளைக்கு வேறு ஒரு “பயனுறு” குணகம், நம் எடுத்துக்காட்டில் 167. கிளையில் 5 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட், எண் 4.95 என்றால் முதலாவதில் 178 மெகாபாஸ்கல், இரண்டாவதில் 148. எஃப்.இ.ஏ. ஆலோசகர் 139ஐ வைத்து எண் எடுத்து, உங்கள் நிரல் 167ஆல் வகுத்தால் தகைவு குறைவாகக் காட்டும். எண்ணும் வகுப்பதும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்.

எண் பெரியதாக வந்துவிட்டால் கலங்க வேண்டாம். தகைவு என்பது எண்ணும் மொமென்ட்டும் சேர்ந்த பெருக்கல், மொமென்ட்டைக் குறைத்தாலும் அதே பலன். 20 மீட்டர் ஹெடர் 30இலிருந்து 140 டிகிரிக்குச் சூடானால் 26 மி.மீ. நீளும். அந்த நீட்சி கவட்டைத் தாக்காதபடி லேட்டரலுக்குப் பக்கத்தில் ஆங்கரைக் கொண்டுவரலாம், கிளையில் ஒரு திருப்பம் கூட்டலாம். பல நேரம் இரண்டு சப்போர்ட்டை நகர்த்தினாலே எஃப்.இ.ஏ. செலவு மிச்சமாகும்.

8. சுற்று எண்ணிக்கை: ஆலைக்காரர்கள் தவறவிடும் இடம்

பெட்ரோலியச் சுத்திகரிப்பு நிலையத்தில் குழாய் வருடத்துக்கு ஒரு சில முறைதான் ஆறும். நம் ஸ்டெரிலைசர் குழாய் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு 10 பேட்ச், வருடத்துக்கு 300 நாள், 20 வருடம் என்று வைத்தால் 60,000 சுற்று. அனுமதித் தகைவின் குறைப்புக் காரணி 6 ÷ (சுற்றின் 0.2 அடுக்கு), ஆக 0.66. ஏ106 கிரேட் பிக்கு அனுமதி வீச்சு 207 மெகாபாஸ்கல் என்று நினைத்திருந்தது 137க்கு இறங்குகிறது. மேலே கண்ட 178உம் தேறாது, 148உம் தேறாது. ஆலோசகர் வழக்கம்போல் 7,000 சுற்று என்று வைத்திருந்தால் இரண்டுமே தேறியிருக்கும். பாருங்கள், எஸ்.ஐ.எஃப்.ஐ அங்குலம் அங்குலமாகத் துருவிவிட்டு இதைத் தவறவிட்டால் என்ன பயன்?

ஆனால் எல்லாச் சுற்றும் முழுச் சுற்று அல்ல. வெப்ப வீச்சு பாதி என்றால் அது பாதியின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 32இல் ஒரு பங்குதான் கணக்கு. பேட்ச்சுக்கு இடையில் குழாய் பாதி வீச்சுக்குத்தான் ஆறுகிறது என்றால் 60,000 என்பது 1,875 முழுச் சுற்றுக்குச் சமம். வாராந்தர நிறுத்தத்தில் முழுவதும் ஆறுவதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நீராவியை மூன்று முறை ஏற்றி இறக்கும் மூன்று உச்ச முறையில் ஒரு பேட்ச்சுக்கு மூன்று பிளோ-ஆஃப் ஆயிற்றே என்று பயப்படவும் வேண்டாம். உச்சங்களுக்கு இடையில் சில நிமிடத்தில் இரும்பு அதிகம் ஆறிவிடாது, கால் வீச்சு என்றாலும் 1,024இல் ஒரு பங்குதான்.

இதை ஊகத்தில் எழுதாதீர்கள். ஸ்டெரிலைசர் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டு, குழாயின் மேல் ஒரு தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) இன்சுலேஷனுக்கு அடியில் கட்டி, ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பதிவு எடுங்கள். செலவு என்று சொல்லவே முடியாத செலவு. நீராவி வால்வுக்கு முன்னால் உள்ள குழாய் எப்போதும் சூடாகவே இருக்கும், பின்னால் உள்ளதுதான் ஏறி இறங்கும். லேட்டரல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

9. கையெழுத்து, ஜே.கே.கே.பி., ஷட்டவுன் தேதி

கொதிகலனும் ஸ்டெரிலைசரும் ஜே.கே.கே.பி.யின் (மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) தகுதிச் சான்றிதழ் வேண்டியவை. உங்கள் மாற்றம் அவற்றின் நாஸிலை (குழாய் சேரும் வாய்) தொட்டால், வெல்டு அடிப்பதற்கு முன்பே ஆலையின் நீராவிப் பொறியாளரிடம் தாளைக் கொடுத்து, ஜே.கே.கே.பி.யிடம் என்ன ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் மட்டும்தானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீங்கிவிட்டது, இப்போது எல்லாம் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். ஆலையில் கிடக்கும் பழைய படிவத்தைப் பார்த்து நகல் எடுத்தால் தாள் திரும்பி வரும்.

கணக்கு அறிக்கையில் தொழிற்சான்று பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தால், எஃப்.இ.ஏ. தொடங்குவதற்கு முன்பே அவரைப் பிடித்து, எந்த வழியில் எண் எடுக்கப்போகிறோம் என்று காட்டிவிடுங்கள். முடிந்த பிறகு காட்டினால் அவருக்குப் பிடித்த வழியில் மறுபடியும் ஓட்டச் சொல்வார், அந்தச் செலவு உங்கள் தலையில்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: கோடும் பதிப்பு ஆண்டும், ஒன்பது எண்கள், ஒவ்வொன்றும் எந்த வழியில் வந்தது, எந்தப் பிரிவுக் குணகம், எத்தனை சுற்று, அளந்த தடிப்பு, அளந்த கோணம்.

தேதி விஷயத்தில், பழம் வழக்கமாக ஆண்டின் பிற்பாதியில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் குவியும். அப்போது ஹெடரை நிறுத்தக் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், வெட்டிய குலை காத்திருக்காது. வரத்து குறையும் ஆண்டுத் தொடக்கத்தையோ பெருநாள் நிறுத்தத்தையோ குறிவையுங்கள். அதற்கு முன்னால் தாள் வேலை, சாமான், வெல்டரின் தகுதிச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். பெருநாள் வாரத்தில் நல்ல வெல்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வெல்டு ஆறியதும் கவட்டுப் பக்கத்தை முதலில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள். அடுத்த ஷட்டவுனிலும் இன்சுலேஷனைக் கழற்றி அதே இடத்தைப் பார்க்கும்படி பராமரிப்பு அட்டவணையில் எழுதிவிடுங்கள். கழற்றிப் போடக்கூடிய இன்சுலேஷன் பெட்டியாக இருந்தால் வேலை எளிது, அதற்கும் சேர்த்தே இப்போது ஆர்டர் கொடுங்கள்.